பந்தோபஸ்து காஸ்பர்

ஒரு மனிதனிடம் பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டால் அவன் என்ன ஆவான் என்பதற்கு, மயிலாப்பூர் காஸ்பரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. தியாகராய நகருக்குப் போகும் வழியில் ஒரு தர்மாஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் நன்றாக இருக்கிறார்கள். நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் அங்கே காஸ்பர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்களின் பந்தோபஸ்துக்கு இன்று முதல் காஸ்பர் பொறுப்பு என்று அதில் ஒரே ஒரு வரி. கீழே டாக்டர் சண்முகவேலின் கையெழுத்து.

நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் மெஹபூப் அலி அந்தக் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"பந்தோபஸ்துன்னா இன்னா சார்? லத்தி குடுப்பாங்களா?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க அலி."

"அப்பால இன்னாத்துக்குக் கட்தாசி?"

அன்றைக்குக் காஸ்பர் சிரித்தார். பந்தோபஸ்து காஸ்பர் என்ற பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அந்தப் பொறுப்பு சும்மா வரவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டது. இருபது வருஷமாக எக்ஸ்ரே இயந்திரத்தோடு இருந்தவர் அவர். ஆரம்ப நாட்களில் கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்க, காலையில் முதல் காரியமாகத் தன் இடக்கையையே இயந்திரத்தின் முன்னால் நீட்டித் திரையில் எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள், காஸ்பரும் செய்தார். பத்து வருஷத்தில் தோல் வெடித்தது, நகம் கறுத்தது, கடைசியில் ஆள்காட்டி விரலைப் பாதியில் வெட்ட வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனிதனைத் தின்னும் என்பதை அவர் விரலைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார். அதனால்தான் சீமையிலிருந்து வந்த ஒரு பழைய சஞ்சிகையில் அந்த விஷயத்தைப் படித்ததும் டாக்டரைத் துளைத்து எடுத்துவிட்டார்.

விஷயம் எளியது. சின்னத் துண்டு பிலிமைக் கறுப்புக் காகிதத்தில் வெளிச்சம் புகாமல் சுற்ற வேண்டும். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர் அதை இரண்டு வாரம் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிய வேண்டும். பிறகு இருட்டறையில் கழுவிப் பார்த்தால், அந்த ஆள் மேல் எவ்வளவு கதிர் விழுந்ததோ அவ்வளவுக்குப் பிலிம் கறுத்திருக்கும். யுத்த காலம், பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. காஸ்பர் பெரிய பிலிம்களின் ஓரங்களைக் கத்தரித்துச் சேர்த்துவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எக்ஸ்ரே அறையில் இருந்தது நாலே பேர்தான்: டாக்டர் சண்முகவேல், காஸ்பர், மெஹபூப் அலி, நர்ஸ் லூயிசா.

முதல் இரண்டு வாரம் முடிந்து கழுவியபோது டாக்டருடைய பிலிம் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கதிரைத் தடுக்கும், ஈயம் கலந்த ரப்பர் அங்கி ஒன்றே ஒன்றுதான், அதை அவர்தான் போட்டுக்கொள்வார். காஸ்பருடையது லேசாகப் புகைந்திருந்தது, அவர் தடுப்புக்குப் பின்னால் நின்று விசையை இயக்குகிறவர். அலியுடையதும் அப்படியே. லூயிசாவின் பிலிம் மட்டும் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

லூயிசா காஸ்பரின் தங்கை. ரங்கூனில் கப்பல் ஆபீசில் இருந்த அவள் புருஷன், குண்டு விழுந்தபோது எல்லோரோடும் நடந்தே கிளம்பியவன், வழியில் காட்டுக் காய்ச்சலில் போய்விட்டான். இருபத்தாறு வயதில் அண்ணன் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தவளை, நர்ஸ் படிப்பு படித்தவளாயிற்றே என்று எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிவந்தது காஸ்பர்தான். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்காட்டியதில்லை. அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார், தினமும்.

அவள் வேலை குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது. அந்த அறையில் குழந்தைகள் பயந்து அலறும், உதைக்கும், ஆடினால் படம் கலைந்துவிடும். லூயிசா தூக்கி நெஞ்சோடு சேர்த்துக் காதில் ஏதோ முணுமுணுத்தால் எப்படிப்பட்ட பிள்ளையும் அடங்கிவிடும். இரண்டு மூன்று நிமிஷம் டாக்டர் திரையில் பார்ப்பார், அதுவரை அவளும் பிள்ளையும் கதிருக்கு முன்னால் நிற்பார்கள். இப்படி ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து குழந்தைகள். அவளுடைய நல்ல குணமே அவளை அங்கே கட்டிப்போட்டது.

காஸ்பர் கரிப் பிலிமை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"என்னய்யா செய்யச் சொல்றே?" என்றார் சண்முகவேல். கெட்ட மனுஷர் இல்லை, மற்ற டாக்டர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக் கண் சிவந்து கிடந்தவர். "வேற பொம்பளை பிடிச்சா பிள்ளை ஆடுது. ஒரு பிள்ளைக்கு மூணு பிலிம் வீணாகுது. பிலிமுக்கு நான் எங்கே போவேன்?"

"இன்னொரு அங்கியாவது வரவழைக்கலாங்களே?"

"கப்பல் வரட்டும்."

கப்பல் வரவில்லை. காஸ்பர் சும்மா இருக்கவில்லை. தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும் என்று நினைவு வந்து அலியிடம் சொல்ல, அவர் சிந்தாதிரிப்பேட்டைக் கடைகளில் அலைந்து ஏழு காலிப் பெட்டி கொண்டுவந்தார். காஸ்பரும் மனைவி ஃப்ளோராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தத் தாளை உரித்துச் சாக்குத்துணிக்குள் அடுக்கித் தைத்தார்கள். லூயிசா போட்டுப் பார்த்தாள். நடந்தால் சரசரவென்று சத்தம், குழந்தைகள் இன்னும் அலறின. கழுவிப் பார்த்தால் பிலிம் ஒரு சாயல்தான் வெளுத்திருந்தது. இன்னும் நாலு மடிப்பு சேர்த்தால் தூக்கவே முடியவில்லை. மூன்றாம் வாரம் தாள் மடிப்பில் கிழிந்து, சாக்கு சமையலறையில் கரி துடைக்கப் போயிற்று.

பிறகு ரத்தம். பரிசோதனைக்கூடத்துக்காரரைக் கெஞ்சி, தங்கையின் வெள்ளணுக்களை எண்ணச் சொன்னார். ஆறாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் நாலாயிரம். ஆறு மாதம் கழித்து மூவாயிரத்து இருநூறு. அடுத்த முறை இரண்டாயிரத்து அறுநூறு. இதைப் பார்த்ததும் சண்முகவேல் பேனாவை எடுத்தார். நாற்பத்து நாலு செப்டம்பரில், அடுத்த மாதம் ஒண்ணாந்தேதி முதல் லூயிசாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றுவதாக உத்தரவு எழுதினார். காஸ்பர் கிட்டத்தட்ட ஒன்றேகால் வருஷம் நடையாய் நடந்து வாங்கிய உத்தரவு அது. அன்று மாலை டிராமில் ஏறாமல், கச்சேரி ரோடு வரைக்கும் நடந்தே போனார். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

விதி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. சேப்டிபின் என்று சொல்கிறேன். யுத்தத்தில் சேப்டிபின்னுக்குக்கூடத் தட்டுப்பாடு. லூயிசா தன்னுடையதைத் தொலைத்துவிட்டாள். அண்ணனிடம் சொன்னால் திட்டுவார் என்று, பிலிம் பொட்டலத்தைக் கழுத்தில் தொங்கிய சின்னத் துணிப்பைக்குள் செருகிக்கொண்டாள். அந்தப் பையில் கல்யாணத்துக்குப் புருஷன் கொடுத்த வெள்ளிப் பதக்கம் இருந்தது. குழந்தையை ஏந்திய மாதாவின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, சுற்றிலும் காலியாக விட்டு, வளையத்துக்குள் பொருத்திய பதக்கம். பதக்கம் முன்னால், பிலிம் பின்னால்.

அந்த மாதக் கடைசியில் காஸ்பர் இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே பிலிமைக் கழுவினார். முதலில் கறுப்பு ஏறியது, எப்போதும் போல. பிறகு கறுப்பின் நடுவே ஏறாத இடம் ஒன்று நின்றது. தலையில் கிரீடம், இடுப்பு வளைவு, கையில் பிள்ளை. காஸ்பரின் ஈரக் கை தானாக உயர்ந்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டுவிட்டது. புத்தி வந்து சேர்வதற்குள் முழங்கால்கூட மடங்கியிருந்தது. பதக்கத்தின் நிழல் என்று புரிய ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் தனக்கே நடந்ததை அவர் மறந்தது எப்படி என்றுதான் எனக்கு ஆற்றாமை. ஏனென்றால் அடுத்து அவர் செய்த காரியம் அப்படி.

பிலிமை வீட்டுக்குக் கொண்டுபோனார். தங்கையைப் பயமுறுத்த. கதிர் அவள் நெஞ்சுக்கு நேராக வந்து விழுவதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டாம் என்று நினைத்தார், மனுஷன்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். லூயிசா பார்த்தாள். ஒரு சத்தமும் போடாமல் அப்படியே முழந்தாளிட்டாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஃப்ளோராவும் முழந்தாளிட்டாள்.

"எந்திரிங்க ரெண்டு பேரும்," என்றார் காஸ்பர் பதறிப்போய். "இது மாதா இல்ல. உன் பதக்கத்தோட நிழல். வெள்ளி மறைச்ச இடம் வெள்ளையா நின்னுடுச்சு, மத்த இடமெல்லாம் கறுத்துப் போச்சு. அந்தக் கறுப்பு பூரா உன் மேல விழுந்தது லூயிசா. அதப் பாரு."

லூயிசா பிலிமை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "நீ சொல்றது சரிதாண்ணே. சுத்தி எல்லாம் கறுத்துப் போச்சு. அவங்க நின்ன இடத்துல மட்டும் ஒண்ணும் ஆவல. அதத்தான் நானும் பாக்குறேன்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. வெள்ளிக்குப் பதிலா ஒரு சாவியத் தொங்கவிட்டிருந்தா சாவி விழுந்திருக்கும்."

"நான் சாவியத் தொங்கவிடலையே."

ஃப்ளோரா இடையில் புகுந்தாள். அவர்கள் கும்பிடப் போவது காட்டுக்கோவிலுக்கு, அங்கே இருப்பவள் பிரகாச மாதா. "வெளிச்சத்துக்கே மாதாங்க அவங்க. வெளிச்சத்துல வராம வேற எதுல வருவாங்க? இவ்ளோ நாளா நீங்க பயந்த பயத்துக்கு அவங்களே வந்து பதில் சொல்லிட்டாங்க."

காஸ்பர் பிலிமைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர்கள் பக்கமே போய்ச் சேர்ந்துகொண்டது. கதிரை வெள்ளி தடுத்தது என்றால், மாதா தடுத்தாள் என்கிறார்கள். இரண்டுக்கும் பிலிம் ஒன்றுதான்.

மறுநாள் லூயிசா தானே டாக்டரிடம் போய், பிரசவ வார்டு வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றாள். காஸ்பர் பின்னாலேயே ஓடி, "அய்யா, உத்தரவு போட்டது போட்டதா இருக்கட்டும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். சண்முகவேல் இரண்டு பேரையும் பார்த்தார். "அந்தப் பொண்ணு வேண்டாங்குதே காஸ்பர். நம்பிக்கை விஷயத்துல நான் கை வைக்க மாட்டேன்," என்றார். பிலிம் மிச்சமாகிற நம்பிக்கையில் யார்தான் கை வைப்பார்கள்? உத்தரவு மேசை டிராயருக்குள் போயிற்று.

காஸ்பர் காட்டுக்கோவில் சாமியாரிடமும் போனார். சாமியார் பிலிமை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிழல்தான், எனக்கே தெரியுது," என்றார். "இத யாருக்கும் காட்ட வேண்டாம்னு ஃப்ளோரா கிட்ட சொல்லு. ஆனா புருஷன் போன நாள்லேர்ந்து செத்தவ மாதிரி இருந்த பொண்ணு இப்பத்தான் சிரிக்குது காஸ்பர். அவ மனசுல இருக்குறதப் பிடுங்கிப் போட எனக்குக் கை வரல." ஃப்ளோரா யாருக்கும் காட்டவில்லை, பக்கத்து வீட்டுக்கு மட்டும் காட்டினாள். பத்து நாளில் சைதாப்பேட்டையிலிருந்தெல்லாம் பெண்கள் சீக்காளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியிலும் தாய்மார்கள் "அந்த மாதா சிஸ்டர்தான் பிடிக்கணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பத்துப் பதினைந்து குழந்தைகள் இருபத்தைந்தாயின.

அவளுடைய சிரிப்புதான் காஸ்பரை அதிகம் வதைத்தது. அவள் துக்கத்தோடு அந்த அறைக்குள் போயிருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார். பண்டிகைக்குப் போகிற மாதிரிப் போகிறவளை எப்படி இழுப்பது?

பிப்ரவரியில் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. பிள்ளைகள் உதைத்த இடமெல்லாம் கையில் நீலம் நீலமாகக் கட்டி நின்றது, கலையவேயில்லை. ஏப்ரலில் மாடிப்படி ஏற முடியவில்லை. வெள்ளணு எண்ணூறு. அப்போதுதான் சண்முகவேல் அவளை அறையை விட்டு வெளியே அனுப்பி வார்டில் படுக்கவைத்தார், நர்ஸாக இல்லை, நோயாளியாக. மெஹபூப் அலி தன் ரத்தம் அவளுக்குச் சேர்கிறதென்று இரண்டு முறை கொடுத்தார். "தங்கச்சி, என் ரத்தம் உள்ள போயிகினு கீது, இனி பிரியாணி கேப்பே பாரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

காஸ்பர் கட்டிலருகே உட்கார்ந்து, என்னைத் திட்டு, நான்தான் உன்னை இங்கே கொண்டுவந்தேன், என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். லூயிசா அவருடைய அரை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்கள யாராவது தூக்கணும்லண்ணே."

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாமியார் கையால் அவஸ்தைப் பூசுதல் என்ற கடைசி எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்ச்சேர்ந்தாள். அடையாற்றுப் பக்கத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மாதா சிஸ்டர் என்று எவ்வளவு கூட்டம்! பதக்கம் விற்கிறவர்கள், உருவத்தை மட்டும் வெட்டியெடுத்த அதே மாதிரிப் பதக்கமாகக் கொண்டுவந்து விற்றார்கள். அவள் செத்ததை ஒருவரும் கதிரோடு சேர்த்துப் பேசவில்லை. மாதா தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள்.

யுத்தம் முடிந்தது. கப்பல் வரும், அங்கி வரும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் எக்ஸ்ரே அறைக்கு நர்ஸ் வேண்டியிருந்தது. எந்நாளும் ஆள் வராத அந்த இடத்துக்கு இந்த முறை ஆறு பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள், ஆறு பேரும் காட்டுக்கோவில் பக்கத்துப் பெண்கள். காஸ்பர் அவர்களுக்கு முன்னால் நின்று தங்கையின் ரத்த எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அரை விரலைக் காட்டினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒருத்தியும் நகரவில்லை. டாக்டர், இருபது வயது ரோஸலின் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

காஸ்பர் பிலிம் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தபோது, அவள் கழுத்துப் பையை எடுத்தாள். உள்ளே புதுப் பதக்கம் மினுமினுத்தது.

"அண்ணே, இத மாதாவுக்கு முன்னால வைக்கணுமா, பின்னால வைக்கணுமா?"

காஸ்பருக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு வந்த ஒரே தந்திரமான யோசனை. பிலிமை முன்னால் வைத்தால் நிழல் விழாது, வெறும் கறுப்புதான் வரும். மாதா வரவில்லை என்று கண்டால் இவள் பயந்து ஓடிவிடுவாள். ஒருத்தியையாவது காப்பாற்றலாம்.

"முன்னால வைம்மா," என்றார். "மெஷின் பக்கமா."

இரண்டு வாரம் கழித்துக் கழுவினார். ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு. மாதாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரம் காயுமுன்பே அவளைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே அறை வாசலில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். கொடுமை செய்கிறோம் என்று தெரிந்தும் சொன்னார்.

"நல்லாப் பாத்துக்க. உனக்கு யாரும் வரல. வெறும் கறுப்பு. இன்னிக்கே டாக்டர் கிட்ட வேற வார்டு கேட்டுக்க, நான் சொல்றேன்."

ரோஸலின் வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டி நின்றது. உள்ளே அலி வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்த பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"என் மேல தப்புதாண்ணே," என்றாள். "புள்ளயத் தூக்கும்போது நான் பயத்துல கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னேன். இனிமே கிட்டக்கப் போயி நிக்கிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.